ஓடைமேல் கிடந்த சிலுவை

வேல்சு நாட்டின் தென்கரையில் மார்கம் என்றோர் ஊர். 1147-இல் சிஸ்டர்சியன் துறவியர் அங்கே மடம் அமைப்பதற்கு முன்பே, அவ்வட்டாரக் கிறிஸ்தவர்கள் சக்கரவடிவத் தலையுடைய கற்சிலுவைகளைச் செதுக்கி நாட்டியிருந்தனர். அவற்றுள் ஒன்று, தன் கல்லெழுத்தில் உள்ள பெயரால் 'இல்குவிசியின் சிலுவை' எனப்படுகிறது. பிற்காலத்தில் அது பண்ணையொன்றில் ஓடையைக் கடக்கும் பாலக்கல்லாகக் கிடந்தது. மிதித்துச் சென்ற கால்கள் அதன் எழுத்தையும் வேலைப்பாட்டையும் தேய்த்தன.

ஸ்காட்லாந்தின் கிர்க்மாட்ரினிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஏறக்குறைய 1,500 ஆண்டுப் பழமையுடைய இரு கற்கள் கல்லறைத் தோட்டத்தின் வாயில் தூண்களாக நின்றன. காணாமற்போன மூன்றாம் கல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் கிடைத்தபோது, அதுவும் ஒரு வாயில் தூணாகவே இருந்தது. 'தொடக்கமும் முடிவும்' என்பதே அதில் பொறித்த இலத்தீன் வாசகம்.

இவற்றை எண்ணும்போது நாம் உழவனைக் குறைகூற முற்படுகிறோம். ஆனால் நீண்டு தட்டையான கல் அவனுக்கு அரும்பொருள். பாலமாகும், தூணாகும், நிலைக்கு மேல் உத்தரமாகும். இலத்தீன் அறியாத அவனிடம் அக்கல் என்ன பேசும்? அவன் கைவைக்கும் முன்பே அது கைவிடப்பட்டுவிட்டது. 1536-இல் மார்கம் மடம் கலைக்கப்பட்டது. இறந்தோருக்காக மன்றாடும் வழக்கமும் அந்நாட்டில் ஒடுக்கப்பட்டது. மன்றாடுவோர் அற்றபின் சிலுவையும் வெறுங்கல்லாயிற்று.

ஏனெனில் அவற்றுட் சில, மன்றாட்டைக் கேட்டு நின்ற கற்கள். மார்கம் அருங்காட்சியகத்தில் இன்றும் காணத்தக்க வேறொரு சிலுவை, எனியான் என்பவர் குவோர்கொரெத் என்பவரின் ஆன்மாவுக்காக அதைச் செய்ததாகக் கூறுகிறது. தந்தையோ, தமையனோ, நண்பரோ. கல் அதனைச் சொல்லவில்லை. அன்புக்குரிய ஒருவரை இறைவனிடம் ஒப்படைத்த கை மட்டுமே அதில் தெரிகிறது.

கல்லறைத் திருநாளன்று நாமும் நம்மவர் கல்லறைகளைத் துடைத்து மெழுகுதிரி ஏற்றுகிறோம். பளிங்கில் பெயர் பொறிக்கிறோம். அப்பளிங்கும் ஒருநாள் எவர் வீட்டுப் படிக்கல்லாகுமோ, அறியோம். கல்லைக் காப்பது அருங்காட்சியகத்தின் கடமை. அது அங்கே செவ்வனே நடைபெறுகிறது. கல் கேட்டதைக் கொடுப்பதோ விசுவசிக்கும் நம் கடமை. உறவுமுறை அறியாத குவோர்கொரெத்துக்கும், மிதிபட்டுத் தேய்ந்த கல்லின் இல்குவிசிக்கும், இவ்வாண்டு நம் மன்றாட்டில் ஓரிடம் தருவோம். திருச்சபையின் உறவில் அவர்கள் நமக்கு அயலார் அல்லர்.