போலிப் படமும் பொதுக் கதையும்

போலி என்னும் சொல்லை இலக்கண நூலார் இழிபொருளில் வழங்கினாரல்லர். 'அறம்' என்பது 'அறன்' என வரினும் பொருள் குன்றுவதில்லை. ஓரெழுத்தின் இடத்திலே வேறோர் எழுத்து நின்று அதன் பணியைச் செய்துவிடுகின்றது. சந்தையிலே விலைப்படும் போலியோ வேறு வகையினது. அங்கே வாங்குவோன் கருதியது ஒன்று, கைக்கு வந்து சேர்வது மற்றொன்று. இவ்விரு போலிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு விறாந்தையிலேயே அளந்தறிய நேர்ந்தது.

அது 2010 ஆம் ஆண்டு. மண்முனைத் துறைக்குப் பாலம் வந்தது 2014 இலேதான். ஆதலின், கொக்கட்டிச்சோலைக்கு அண்மையில் வாழ்ந்த அவ்வாசிரியர் 'பாதை' எனப்படும் மிதவையிலே வாவியைக் கடந்தே மட்டக்களப்பு நகருக்குச் சென்றுவந்தார். அன்று அவர் சென்றது, எட்டு வயது மகனுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றுதற்பொருட்டு. சமையற்கலையில் வல்ல எலியொன்றின் கதையைக் கூறும் கார்ட்டூன் படத்தை, நகரத்து உறவினர் வீட்டிலே சிறுவன் பாதியளவு பார்த்திருந்தான். மின்சாரம் தடைப்பட்டமையால் மீதி கிட்டவில்லை. தவணைப் பரீட்சையிலே நல்ல புள்ளி பெற்றால் அதன் இறுவட்டை வாங்கித் தருவதாகத் தந்தை சொன்னார், மகனும் பெற்றுவிட்டான்.

கடையிலே எடுத்துக் கொடுத்த உறையில் வெள்ளைத் தொப்பி அணிந்த எலியொன்று சிரித்துக்கொண்டிருந்தது. படத்தின் பெயரும் மகன் சொன்ன பெயரைப் போலவே தொடங்கிற்று. வேறென்ன வேண்டும்? ஆசிரியர் மகிழ்வோடு திரும்பினார்.

அன்று மாலை நான்கு வீட்டுப் பிள்ளைகள் பாயிலே கூடியிருந்தனர். அவர்களிடம் சிறுவன் ஒரு கிழமையாக அப்படத்தின் பெருமையைப் பேசியிருந்தான். படம் தொடங்கிச் சில நிமிடங்களுள் அவன் முகம் வாடிற்று. எலிகள் பொம்மைகள்போல விறைத்து நடந்தன; வாயசைவு ஒரு வழி செல்லப் பேச்சு வேறு வழி சென்றது. அவன் தந்தையின் காதருகே குனிந்து, "அப்பா, இது வேற எலி" என்றான். சற்றுப் பொறுத்து, "அவங்களுக்குச் சொல்லிப்போடாதீங்க" என்றான். இரண்டாவதாகச் சொன்னதே ஆசிரியரின் நெஞ்சைச் சுட்டது. ஏமாந்தவர் அவர், அதை மறைத்துக் காக்கும் சுமையோ பிள்ளையின் தலையிலே ஏறியிருந்தது.

சிறுவன் வேண்டியது, அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 2007 இல் ஏறத்தாழ 15 கோடி டொலர் செலவிலே ஆக்கிய 'ராட்டட்டூயி'. கிடைத்தது, பிரேசில் நாட்டு வீடியோ பிரிங்கேடோ நிறுவனம் அதே ஆண்டிலே வெளியிட்ட 'ராட்டட்டோயிங்'. முன்னதன் எலி பாரிசிலே சமைக்கின்றது. பின்னதன் எலி ரியோ டி ஜெனிரோவிலே உணவகம் நடத்துகின்றது. முன்னது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பின்னது ஒரு மணி நேரத்தையும் எட்டாது. பேசும் கார்களைப் பற்றிய படமும் சண்டைக்கலை பயிலும் பண்டாவைப் பற்றிய படமும் உலகெங்கும் ஓடிய காலங்களிலே, அவற்றையொத்த சிறு படங்களையும் இந்நிறுவனம் வெளியிட்டது.

இவ்வணிகத்தின் சூட்சுமம் எளியது. விளம்பரச் செலவைப் பெரிய நிறுவனம் ஏற்றுக்கொள்கின்றது; அது மூட்டிய ஆசையைச் சிறிய நிறுவனம் அறுவடை செய்கின்றது. பார்ப்பது குழந்தை, வாங்குவதோ தந்தையோ பாட்டியோ. குழந்தையின் கண் தப்பாமல் கண்டுகொள்ளும் வேறுபாட்டைப் பெற்றோரின் கண் காண்பதில்லை. அந்த இடைவெளியே இப்படங்களின் சந்தை.

ஆயினும், ஒத்திருப்பது யாவும் களவு என்று கூறிவிடலாகாது. டிஸ்னி நிறுவனம் 1992 இல் அலாவுதீன் கதையைப் படமாக்கிற்று. அடுத்த ஆண்டு அதே கதையை மலிவாக எடுத்து ஒளிநாடாவாக விற்ற குட்டைம்ஸ் நிறுவனத்தின்மீது, உறையின் ஒற்றுமை வாங்குவோரை மயக்குவதாக டிஸ்னி வழக்குத் தொடுத்தது. அலாவுதீன் கதை எவருக்கும் தனியுடைமையன்று. ஆதலின் படத்துக்குத் தடை விழவில்லை. ஆனால், தன் பெயரை உறையின் மேற்புறத்திலே தெளிவாகப் பொறிக்கவேண்டிய கடப்பாடு குட்டைம்சுக்கு உண்டாயிற்று. கதை பொது, பெயர் தனி என்பதே அதன் சாரம்.

இந்நீதி படுவான்கரைக்குப் புதியதன்று. ஆசிரியரின் மாமனார் இளமையிலே வடமோடிக் கூத்தாடியவர். நடந்ததைக் கேட்டதும் அவர் சிரித்தார். "மருமகன், இராம நாடகத்த எத்தின ஊரில ஆடியிருக்காங்க! கதை ஒண்டுதான். ஆனா, மத்த ஊர்க் கூத்தெண்டு சொல்லிச் சனத்தக் கூட்டி எங்கட கூத்த நாங்க காட்டல்ல" என்றார்.

வறுமையும் குற்றமன்று. கரப்புடுப்பும் மரவாளும் கொண்டு வட்டக்களரியிலே இலங்கை வேந்தன் நிற்கின்றான். விடியும்வரை சனம் அவனை வேந்தனாகவே காண்கின்றது. கூத்தனிடம் பொருள் இல்லை. ஆடலிலே பல மாதப் பயிற்சி உண்டு. அந்த எலிப்படத்திலே குறைந்தது பணம் மாத்திரமன்று, சிரத்தையுமேயாம். அதைவிடப் பெருங்குறை, அது பிறிதொன்றின் முகத்தை அணிந்து வீட்டினுள் நுழைந்தமை.

எனினும், பாயிலிருந்த ஏனைய பிள்ளைகள் அன்று மனம் நிறையச் சிரித்தார்கள். மறுநாள் சிரட்டையும் மணலுமாக எலியின் சமையலை ஆடினார்கள். அச்சிரிப்பைப் போலியென்று சொல்ல ஆசிரியருக்கு மனம் வரவில்லை.

அடுத்த கிழமை அவர் மீண்டும் பாதையேறி நகருக்குச் சென்றார். இம்முறை மகனும் உடன் சென்றான். உறையைப் புரட்டிப் பார்த்து, "இதுதான்" என்றான். வீடு திரும்பியதும் ஆசிரியர் பழைய இறுவட்டை எறிந்துவிடவில்லை. அதன் உறைமீது வெள்ளைத்தாளொன்றை ஒட்டி, 'வேறோர் எலி: பிரேசில் நாட்டுப் படம்' என்று எழுதினார். தனக்குரிய பெயரோடு அது புதியதன் அருகே இருந்தது. சிறுவன் சில நாட்களில் அதையும் எடுத்துப் பார்த்தான்.