கல்வராயனில் ஒரு வெயில் படம்

2019-ல் தனி ஜில்லாவாகிய கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையைக் கடந்தால் கல்வராயன் மலைப் பாதை தொடங்குகிறது. வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறும் அப்பாதையில் நாங்கள் பிரயாணம் செய்தது அருவி காண்பதற்கு மட்டுமன்று. இம்மலையின் படத்தை இம்மலை வெயிலிலேயே பழைய முறையில் அச்சிட வேண்டுமென்பது நண்பரின் நெடுநாளைய ஆசை.

1842-ம் வருஷத்தில் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில விஞ்ஞானி கண்ட 'சயனோடைப்' முறை அது. இரும்பு சேர்ந்த இரு உப்புக்களைக் கலந்து காகிதத்தில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே நெகடிவை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் நீலமாகும்; படாத இடத்து உப்பு நீரில் கரைந்து காகிதம் வெளுக்கும். விலையுயர்ந்த யந்திரம் எதுவும் தேவையில்லை.

இத்தகைய பொறுமை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1857-58-ல் சென்னை ராஜதானி சர்க்காரின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப், மெழுகு பூசிய காகித நெகடிவுகளுடன் சேலம் ஜில்லா, திருச்சி, மதுரை, தஞ்சை என்று சுற்றி வந்தார். அந்நாளைய ரசாயனத்தில் வானம் வெறும் வெள்ளையாக விழும். ஆகவே நெகடிவிலேயே வர்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். அவர் படங்களில் கோயில்களும் கோட்டைகளும் கம்பீரமாய் நிற்கின்றன. ஏர் பிடித்தவர்களைக் காண்பதுதான் அரிது.

அக்குறை எங்களுக்கும் உண்டென்பதை வெள்ளிமலைக்கு அருகில் உணர்ந்தோம். நண்பர் முன்பே எடுத்திருந்த மலைக்காட்சியின் நெகடிவைப் பத்து நிமிஷம் வெயிலில் காட்டி, வாளித் தண்ணீரில் அலசியதும், முகடுகள் நீலமாய்த் தெளிந்தன. பார்த்து நின்ற மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர், "மலை இருக்குது, மரம் இருக்குது. எங்க கொல்லை எங்கே, சாமி?" என்றார்.

எங்களால் விடை கூற இயலவில்லை. 1976-ம் வருஷம் வரை ஜாகீர்தார்களின் வசமிருந்த மலை இது. இங்கே கொல்லை என்பது கண்ணுக்கு விருந்தன்று, வாழ்வுரிமை.

பெரியவரே சாமைக் கதிர்கள் சிலவற்றைக் கொணர்ந்தார். அடுத்த காகிதத்தில், நெகடிவின் அடியோரமாக அவற்றைப் பரப்பி வெயிலில் வைத்தோம். மேகம் மறைத்ததனால் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அலசியபோது, நீல மலையின் கீழே வெண்கதிர்கள் தலை சாய்ந்து நின்றன.

"இப்போ சரி" என்றார் அவர். உலர்ந்ததும் அதை அவரிடமே கொடுத்துவிட்டு இறங்கினோம். முதற்படம் என் மேஜைமேல் இருக்கிறது. அழகுக்குக் குறைவில்லை, ஆயினும் பார்க்கும்போதெல்லாம் பெரியவரின் கேள்வியே காதில் ஒலிக்கிறது.