பாங்கொக்கில் ஒரு வெள்ளிக்கிழமை

பாங்கொக் நகரின் சீலோம் வீதியிலே மாரியம்மன் கோயிலொன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு குடியேறிய தமிழர் எழுப்பியது அது. இன்று தாய்லாந்து மக்களே பெருந்தொகையினராய் வந்து வணங்குகின்றனர். எம் அன்னையாரை அங்கு அழைத்துச் செல்லவேண்டுமென்பது எமது நெடுநாள் ஆசை. சென்ற ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமையன்று, அது நிறைவேறிற்று.

வழிபாடு முடிந்து வெளியே வருகையில் நண்பகல் கடந்துவிட்டது. அன்னையார் களைத்திருந்தார். அண்மையிலிருந்த ஒழுங்கையில் ஈசான் உணவுக்கடையொன்று கண்ணிற் பட்டது. ஈசான் என்பது தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதி. பெயரைக் கேட்டதும் எமது ஈசான மூலை நினைவுக்கு வருமன்றோ? அதே வடசொல்தான் அங்கும் சென்றிருக்கிறது. வாசலிலே கரியடுப்பிற் கோழி வாட்டிக்கொண்டிருந்தார்கள். அன்னையார் தயங்கினார்.

"காய்கறியும் இருக்கிறது அம்மா, வாருங்கள்" என்றோம். தெரியாத நாட்டிலே தெரிந்தவர்போல் நடப்பதில் ஓர் இன்பமுண்டு. அந்த இன்பம் எம்மைப் பிடித்திருந்தது.

'சொம் தம்' கேட்டோம். சொம் என்றால் புளிப்பு. தம் என்றால் இடித்தல். கடைக்காரப் பெண்மணி மண் உரலிலே உள்ளியையும் பச்சை மிளகாயையும் இடித்து, பயற்றங்காய், தக்காளி, கச்சான், வெல்லம், தேசிப்புளி எல்லாம் கூட்டி, ஈற்றில் மெல்லியதாய்ச் சீவிய பப்பாசிக்காயைப் போட்டு, மர உலக்கையால் மெதுவாகத் தட்டிப் புரட்டினார். உலக்கை ஓசையைக் கேட்டதும் அன்னையாரின் முகம் மலர்ந்தது. எம் வீட்டிற் சம்பல் இடிக்கும் ஓசையே அது! மூங்கிற் கூடையில் ஒட்டரிசிச் சோறு வந்தது. ஊறவைத்து ஆவியில் அவிப்பதால் அது கையில் உருட்டக்கூடிய பதத்தில் இருக்கும். அங்கும் கையாலேயே உண்கிறார்கள்.

"நல்ல உறைப்பு, தம்பி. பனங்கட்டியும் போட்டிருக்கினமோ?" என்றார் அன்னையார். மூன்றாம் கவளத்தில் அவர் கை நின்றது. செந்நிறத் துணுக்கொன்றை விரலில் எடுத்துப் பார்த்தார். உலர்ந்த இறால்!

தந்தையார் மறைந்த நாள் முதல் ஒரு வெள்ளிக்கிழமையேனும் அவர் மச்சம் தொட்டதில்லை.

அடுத்த மேசையிலிருந்த இளைஞர் ஒருவர் நிலைமையை உணர்ந்து, ஆங்கிலத்தில் எமக்கு விளக்கினார். இறால் மட்டுமன்று, மீன் சாறும் அதில் உண்டாம். 'மாங்சவிரட்' என்று முன்னரே சொல்லியிருக்க வேண்டுமாம். "மாமிசம் எண்டுதானே சொல்லுறார்?" என்றார் அன்னையார். ஆம், மாமிசம் விலக்கல் எனப் பொருள்படும் சொல் அது. எம் காதுக்கு இத்துணை அருகிலிருந்த சொல்லை நாம் தேடவேயில்லை.

இளைஞர் சொன்னதைக் கேட்ட பெண்மணி, அன்னையாரின் நெற்றித் திருநீற்றை ஒருகணம் நோக்கினார். தட்டை எடுத்துச் சென்றார். பழைய உரலிலே புளித்த மீனின் மணம் ஊறியிருக்குமென்றோ என்னவோ, உள்ளேயிருந்து வேறோர் உரலைக் கொணர்ந்து கழுவி, உப்பும் தேசிப்புளியும் மாத்திரம் சேர்த்துப் புதிதாய் இடித்தார். (அம்மணத்தைப் பழிக்க எமக்கு உரிமையில்லை, கருவாடு பொரிக்கும் வீட்டிலே வளர்ந்தவர்கள் நாம்.)

அன்னையார் வாய் கொப்பளித்து வந்து அமர்ந்தார். "தெரியாமல் நடந்தது. அம்மாள் பொறுப்பா" என்றவர், புதிய தட்டை முழுவதும் உண்டார். பெண்மணியைப் பார்த்துக் கைகூப்பினார், அவரும் கூப்பினார். முதற் தட்டுக்குப் பெண்மணி காசு வாங்க மறுத்துவிட்டார்.

அன்றிரவு விடுதியிலே அன்னையார் தண்ணீர் மாத்திரமே அருந்தினார். பசிக்கவில்லை என்றார். நாம் மேலே ஒன்றும் கேட்கவில்லை.