சித்தப்பாவும் சிறுகுறிஞ்சானும்

எங்கள் சித்தப்பாவிடம் ஒரு வித்தை உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் இரண்டு சிறுகுறிஞ்சான் இலையை மெல்லச் சொல்வார். பின்னாலேயே ஒரு ஸ்பூன் சர்க்கரை. மணலைத் தின்ற மாதிரி இருக்கும்! இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலம், இனிப்பு தெரியாதபடி நாக்கைக் கொஞ்ச நேரம் மறக்கடித்துவிடுகிறது.

"நாக்குல சர்க்கரையை ஒழிக்கிறது, ரத்தத்துல ஒழிக்காதாடா?" என்பார். சொன்னதோடு விட்டாரா? மெட்ஃபார்மின் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டை, ஆவாரம்பூ கலந்த சூரணத்துக்கு மாறினார். 'ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்று பாக்கெட்டில் வேறு போட்டிருந்தது.

போன வருஷம் ஒருநாள் கடைத்தெருவிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். இன்னொன்று எங்கே கழன்றது என்றே மனிதருக்குத் தெரியவில்லை! மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் திட்டவில்லை. (அதுதான் பயமாக இருந்தது.) "சர்க்கரை ஏறியே கிடந்தா, இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உள்ளே ஒரு வேலை நடக்கும். கண், கிட்னி, கால் நரம்பு எல்லாம் அடிவாங்கும்" என்றார்.

"அந்தத் துருவைத்தானே டாக்டர் மூலிகை தடுக்குது?"

தடுக்கிறது, சோதனைக் குழாயில். டி.பி.பி.ஹெச். என்று ஒரு ஊதாக் கரைசல். இலைச்சாற்றை விட்டால் மஞ்சளாக வெளுக்கும். நம் ஆபீஸ் டீயை விட்டாலும் வெளுக்கும் சார்! உடம்பு அப்படிச் சுலபத்தில் மசியாது. ஆன்டி ஆக்ஸிடன்டான வைட்டமின் ஈ-யை, சர்க்கரைக்காரர்கள் உட்பட 9,500 பேருக்கு மேல் வைத்துச் சோதித்த 'ஹோப்' ஆய்வு 2000-ல் வெளிவந்தது. மாரடைப்பு குறையவில்லை. சிறுகுறிஞ்சானை மனிதர்களிடம் சோதித்ததெல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள்தான்.

"அப்போ பச்சிலையே பொய்யா?" சித்தப்பாவுக்குக் கோபம்.

"நீங்க தூக்கிப் போட்ட மாத்திரையே பச்சிலை வழி வந்ததுதான்!" என்றார் டாக்டர். ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி. அதிலுள்ள சரக்கு சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் விஷம். அதே இனத்தில் விஷம் குறைந்ததாக ஆய்வகத்தில் செய்ததுதான் மெட்ஃபார்மின். 1957-ல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு டாக்டர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். மாத்திரையில் 500 மில்லிகிராம் என்றால் 500தான். சித்தப்பாவின் சூரண அளவு? கைக்குக் கிடைத்த கரண்டி!

இப்போது 'பிரெஞ்சுப் பச்சிலை' என்று சொல்லிக்கொண்டே இரண்டு வேளையும் விழுங்குகிறார். மூணு மாசச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 10.4-லிருந்து 7.6-க்கு இறங்கியிருக்கிறது. பாதத்தில் மரத்த இடம் மட்டும் மரத்தபடியே இருக்கிறது. பின்னால் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.