முதற் சுற்று

மார்கழி பிறந்தால் மாதுங்காத் தமிழர்க்குத் திருப்பாவையும் சுடச்சுடப் பொங்கலும் நினைவுக்கு வரும். எனக்கோ சில ஆண்டுகளாக 400 மீட்டர் ஓடுதளமும் கைக்கடிகாரமுமே நினைவுக்கு வருகின்றன. சனவரியில் மும்பையில் நடைபெறும் மாரத்தானுக்கு ஆயத்தம் செய்வோர்க்குக் கடுமையான பருவம் அது.

என் 43ஆம் வயதில், இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதாகக் கூறிய மருத்துவர், நாள்தோறும் நடக்கச் சொன்னார். நான் ஓடத் தொடங்கினேன். எதிலும் அவசரம் என்பது என் பிறவிக் குணம். 42.195 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் கடக்க வேண்டும் என்று உறுதி பூண்டேன். அதற்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 வினாடி என்ற வேகம் வேண்டும். அவ்வேகத்தை உடல் தாங்குதற்பொருட்டு வாரம் ஒருமுறை இடைவேளைப் பயிற்சி செய்வர். இரு சுற்றுகளை, அதாவது 800 மீட்டரை, 4 நிமிடத்தில் ஓட வேண்டும். பின் ஒரு சுற்று மெல்லோட்டம். மீண்டும் 800 மீட்டர். இவ்வாறு எட்டு முறை.

நானோ முதல் 800 மீட்டரை மூன்றரை நிமிடத்தில் ஓடிப் பூரித்தேன். மெல்லோட்டம் சோம்பேறிகளுக்கு உரியது என்றெண்ணி அதைப் பாதியாகக் குறைத்தேன். ஐந்தாம் முறை நாலரை நிமிடமாயிற்று. ஆறாம் முறை புல்தரையில் அமர்ந்துவிட்டேன். வாரந்தோறும் இதே கதை. 2017 சனவரியில் போட்டியிலும் முதற் பாதியைப் பறந்து கடந்தேன். திரும்பி வரும் வழியில் பெடர் சாலை ஏற்றத்தில் கால்கள் மரத்துப்போக, எஞ்சிய தூரத்தைப் பெரும்பாலும் நடந்தே முடித்தேன்.

ஓடுதளத்திற்கு நாள்தோறும் வரும் மராட்டிய முதியவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்திருக்கிறார். நாங்கள் அவரைக் ‘காக்கா’ என்போம். ஒருநாள் இந்தியில் சொன்னார்: “அண்ணா, முதல் முறை ஓடும்போது ‘இவ்வளவு மெதுவாகவா’ என்று உமக்கே வெட்கம் வர வேண்டும். எட்டாவது முறையும் கடிகாரம் அதே நேரத்தைக் காட்டினால்தான் நீர் ஓடியதாகக் கணக்கு.”

அதன் காரணம் பின்னரே விளங்கிற்று. ஓடத் தொடங்கிய உடனே உடலின் உண்மை நிலை தெரிவதில்லை. இதயத் துடிப்பும் மூச்சும் சிறிது தாமதித்தே உயர்கின்றன. அதுவரை எவ்வேகமும் எளிதாகவே தோன்றும்.

இப்பயிற்சி தன் பெயரைப் பெற்றது ஓட்டத்தினால் அன்று, இடைவேளையினால் என்பதையும் அறிந்தேன். 1930களில் ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்னும் பயிற்சியாளரும் ஹெர்பர்ட் ரைண்டெல் என்னும் மருத்துவரும் இம்முறையை வகுத்தனர். ஓடி முடித்தபின் நாடித் துடிப்பு நிமிடத்திற்கு 120ஆகத் தணிந்த பிறகே அடுத்த ஓட்டம். அந்த இடைவேளையிலேதான் இதயம் வலுப்பெறுகிறது என்று அவர்கள் கருதினர். கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடி நாட்டிய உலகச் சாதனை 16 ஆண்டுகள் நிலைத்தது.

இதைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1995இல் ஒரு தகரப் பெட்டியுடன் தாதரில் வந்து இறங்கினேன். முதற் சுற்றிலேயே அனைத்தையும் வென்றுவிடும் வேகம் அப்போதும் இருந்தது. அலுவலகத்தில் ஈட்டிய விடுப்பை ஆண்டுதோறும் பணமாக்கி, வீட்டுக் கடனுக்குக் கட்டினேன். “அடுத்த பொங்கலுக்காவது வந்துட்டுப் போப்பா” என்று தஞ்சையிலிருந்து தந்தையார் தொலைபேசியில் சொல்வார். 2011இல் போனேன், அவரைத் தூக்கிச் செல்வதற்கு. இடைவேளையை நான் ஓடுதளத்தில் மட்டுமா குறைத்தேன்?

அதன்பின் காக்கா சொற்படி ஓடினேன். முதல் 800 மீட்டர் 4 நிமிடம். எட்டாவதும் 4 நிமிடம். நடுவே முழுச் சுற்று மெல்லோட்டம். 2019 சனவரியில் 4 மணி 7 நிமிடத்தில் ஓடி முடித்தேன். இலக்குக்கு 7 நிமிடம் குறைவுதான். எனினும் பெடர் சாலை ஏற்றத்தில் நடக்கவில்லை.

வேலைக்காக மும்பை வந்திருக்கும் என் தங்கை மகன் இப்போது என்னுடன் ஓட வருகிறான். முதற் சுற்றில் என்னை முந்திப் பறப்பான்; நான் தடுப்பதில்லை. சென்ற வாரம் மெல்லோட்டத்தின்போது, “பொங்கலுக்கு ஊருக்குப் போகலையா?” என்றேன். “லீவைக் காசாக்கிடலாம்னு இருக்கேன் மாமா” என்றான்.

அன்று மாலையே அவனுக்குத் தஞ்சைக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தேன்.