பதினோராம் கூண்டு

எங்கள் கீழப்பாவூர்ப் பெரியகுளத்தின் கரையில் நின்று மேற்கே நோக்கினால், குற்றால மலை முகில் போர்த்து நிற்பதைக் காணலாம். அம்மலையில் பொழியும் சாரல் சிற்றாறாய் இறங்கிக் கால்வாய் வழியே எங்கள் குளத்தை வந்தடையும். நீர் வரும் திசையிலிருந்தே காற்றும் வரும். ஆனி, ஆடித் திங்கள்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே நெருக்கிப் புகும் தென்மேற்குப் பருவக்காற்று, குளத்தின்மீது தடையின்றிப் பாயும். எங்களூர் கடல் காணாத ஊர். எனினும் நீரும் காற்றும் கூடினால் என்ன நிகழும் என்பதை நான் அக்குளத்திலேதான் கற்றேன்.

1991ஆம் ஆண்டு ஆடி மாதம். எனக்கு அப்போது 11 வயது. குளத்தில் இறங்கலாகாது என்பது வாப்பாவின் கண்டிப்பான கட்டளை. அதை மீறி, நானும் என் பெரியம்மா மகனும் வாழைத்தண்டுகளை மூங்கில் குச்சிகளால் கோத்துத் தெப்பம் அமைத்து, நடுக்குளம் வரை சென்றுவிட்டோம். நாங்கள் கரையையே பார்த்திருந்தமையால், முதுகுப்புறம் மேற்கு வானம் கறுத்ததை அறியவில்லை. கிழக்குக் கரையில் நின்ற குளத்துக் காவற்காரர் அதைக் கண்டுகொண்டார். அவர் கூவினார்; காற்று எங்களிடமிருந்து அவரை நோக்கி வீசியமையால் அக்குரல் எங்களை எட்டவில்லை. உடனே தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுழற்றினார். அதை நாங்கள் கண்டோம். கண்டும், ‘ஏசுகிறார், வாப்பாவிடம் சொல்லிவிடுவார்’ என்று அஞ்சி, அவரைவிட்டு விலகிக் காற்றை எதிர்த்துத் துடுப்பிட்டோம்.

சில நிமிடங்களில் தெப்பம் கழன்று தனித்தனித் தண்டுகளாயிற்று. அலை எங்களைக் கரையின் கருங்கல் அடுக்கை நோக்கித் தள்ளியது. அம்முதியவர் நீரில் குதித்து எங்கள் இருவரையும் மீட்டார். மீட்கும்போது அலை அவரைக் கல்லோடு மோதிற்று, இடக்கால் முறிந்தது. அதன்பின் இறக்கும்வரை அவர் கோலூன்றியே நடந்தார்.

அன்று வாப்பா என்னை அடிக்கவில்லை. கட்டிட்ட காலோடு அவர் கிடந்த கட்டிலருகே என்னை அழைத்துச் சென்று நிறுத்தினார், அவ்வளவே. காவற்காரர் என்னைப் பார்த்து, “கூப்பிடத்தான் துண்ட வீசுனேன் தம்பி. ஏசுறேன்னு நெனச்சிட்டியோ?” என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வினாவுக்கு விடை கூற இயலாதவனாகவே இருக்கிறேன்.

அறிவிப்பவர் ஒன்றை எண்ணி அறிவிக்க, காண்பவர் வேறொன்றாய்ப் பொருள் கொண்டால், அவ்வறிவிப்பு இருந்தும் இல்லாததே. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் இக்குறையைப் போக்கவே பிறந்தன. 1864இல் கல்கத்தாவைப் பெரும்புயல் அழித்ததை அடுத்து, 1865இல் அத்துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தொடங்கிற்று. பகலில் கூம்பும் உருளையுமான கூண்டுகள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1, 2 எனில் புயல் தொலைவில் உள்ளது. 3, 4 எனில் துறைமுகத்துக்கே முன்னெச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். இவற்றின் பொருளை மாலுமியும் அறிவார், மீனவரும் அறிவார்.

இவ்வரிசையில் பத்தோடு காற்றின் கடுமை முடிந்துவிடுகிறது. ஆயினும் 11ஆம் எண் ஒன்று உண்டு. வானிலை எச்சரிக்கை மையத்தோடு செய்தித் தொடர்பு அற்றுப்போயிற்று என்பதே அதன் பொருள். பேரபாயத்துக்கும் மேலான படியில் மௌனத்தை வைத்த முன்னோரின் அறிவை எண்ணி வியக்கிறேன்.

கடலுக்கு மட்டும் உரியதன்று இவ்வுண்மை. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் 1975 நவம்பர் 10 அன்று ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்’ என்னும் சரக்குக் கப்பல் புயலில் சிக்கியது. அதன் ரேடார்கள் பழுதுபட்டன. கரையிலிருந்த கலங்கரை விளக்கமும் அணைந்திருந்தது. பின்னால் வந்த மற்றொரு கப்பல் வானொலி வழியே அதற்கு வழிகாட்டி வந்தது. இரவு ஏழு மணியைக் கடந்து சிறிது நேரத்தில் இறுதி உரையாடல் நிகழ்ந்தது. பின்னர் ஓர் அபயக் குரலும் இன்றி 29 பேருடன் அக்கப்பல் மூழ்கியது. அதன் மௌனத்தை உணர்ந்து கடலோரக் காவல் படைக்கு அறிவித்தவர், பின்வந்த கப்பலின் தலைவரே. செவிமடுக்கும் ஒருவர் இருந்தமையால் அந்த மௌனமும் செய்தியாயிற்று.

நம் குமரிக் கரையிலோ 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடல் சென்றிருந்தோரைக் கரையிலிருந்து எட்ட வழியில்லை. படகுகளில் இருந்த வானொலிக் கருவிகள் குறுகிய தொலைவே எட்டுபவை. அத்துயரத்தின் பின், 2019இல் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் ‘ஜெமினி’ என்னும் கருவி அறிமுகமாயிற்று. அதுவும் செய்தியைப் பெற மட்டுமே உதவிற்று. கடலிலிருந்து மறுமொழி கூற உதவவில்லை.

பதினோராம் கூண்டின் பொருளை நான் நெஞ்சால் உணர்ந்தது 2023 டிசம்பரில். 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டிய அந்நாளில், என் தங்கை குழந்தைகளுடன் அவ்வூரில் இருந்தாள். கைப்பேசி இயங்கவில்லை. இரண்டு இரவுகள் உம்மா தொழுகை விரிப்பைவிட்டு எழவில்லை. மூன்றாம் நாள் காலை அறியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. “உங்க தங்கச்சியும் பிள்ளைகளும் மாடில பத்திரமா இருக்காங்க” என்றது ஓர் இளைஞரின் குரல். தெருவார் எல்லாருடைய உறவினர் எண்களையும் தாளில் எழுதிக்கொண்டு, வெள்ளத்தைக் கடந்து, தொடர்பு கிடைக்கும் இடம் வரை அவர் நடந்து வந்திருக்கிறார். அடுத்த எண்ணுக்குப் பேசவேண்டும் என்று உடனே வைத்துவிட்டார். அவர் பெயரைக்கூடக் கேட்டிலேன்.

அவ்விளைஞர் கால்நடையாய்ச் செய்ததை 2004 ஆழிப்பேரலையின்போது வானொலியால் செய்தவர் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி. அமெச்சூர் வானொலிப் பணிக்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்த அவர், அந்தமான் தொடர்பற்றுக் கிடந்த நாள்களில் தம் கருவியால் தாயகத்தோடு செய்தி பரிமாறி, உற்றார் நிலையறியாது தவித்தோர்க்கு ஆறுதல் அளித்தார். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறினால், 12 வயது நிரம்பிய எவரும் இவ்வுரிமம் பெறலாம்.

மாணவச் செல்வங்களே! நம் வட்டாரத்தில் குளமில்லாத ஊர் அரிது. மறுகால் பாயும் நாளில் எவர் அறிவிப்பது, எக்குறியால் அறிவிப்பது, மின்சாரம் நின்று பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கிகள் ஓய்ந்தால் யார் எத்தெருவுக்கு நடப்பது என்பனவற்றை வெயில் காயும் நாளிலேயே ஊர்ப் பெரியோருடன் அமர்ந்து முடிவு செய்யுங்கள். உங்களில் இருவரேனும் வானொலி உரிமம் பெறுங்கள். மொழி கற்பிக்கும் எனக்கு, சொல் உரியவரைச் சென்று சேர்வதைவிடப் பெரிய இலக்கணம் தெரியவில்லை.

இன்றும் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் அக்கரையில் சற்று நிற்பேன். எவரேனும் தொலைவிலிருந்து துண்டசைத்தால், ஏசுகிறாரோ என்று எண்ணுவதில்லை. அருகே சென்று கேட்கிறேன்.