ரசீது இல்லாத வானொலி

1986-ஆம் ஆண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. அடி அண்ணாமலையிலிருந்து சென்னைக்குச் சென்றிருந்த நாங்கள், அரண்மனைக்காரத் தெருவில் புனித அந்தோனியாரிடம் மன்றாடிவிட்டு, நேரே பர்மா பஜாருக்கு நடந்தோம். ஜப்பானிய டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கவேண்டும். மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, எங்கள் பழைய பெட்டியில் இரைச்சலுக்கிடையேதான் கேட்டது.

பர்மாவில் உடைமைகளை இழந்து திரும்பிய தமிழரின் பிழைப்புக்காக 1969-இல் எழுந்த கடைவீதி அது. அங்கே அந்நாளில் குவிந்திருந்த அயல்நாட்டுப் பொருள்களுள் பல, சுங்கவரி செலுத்தாமல் வந்தவை என்பதை ஊரே அறியும், நாங்களும் அறிவோம். பேரம் பேசி விலையைப் பாதியாக்கினோம். ரசீது கேட்கவில்லை; கடைக்காரரும் தரவில்லை.

மறுநாள் இரவு, கிரிவலப் பாதையோரத்து எங்கள் வீட்டில் தமிழ்க் குரல் தெளிவாக ஒலித்தது.

“வேரித்தாஸ் என்றால் என்னப்பா?” என்றாள் மகள்.

“இலத்தீன் சொல்லம்மா. உண்மை என்று பொருள்.”

“ரசீதை எடுத்து வைக்கட்டுமா?”

பதில் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. சீசருக்குரியதைப் பற்றிக் கற்பித்த ஆண்டவர், சுங்கத் துறைக்கு மட்டும் விலக்கு அளிக்கவில்லையே!

2018-இல் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. பெட்டி இன்று பரணில் கிடக்கிறது. தொலைந்தவற்றைக் கண்டெடுத்துத் தரும் அந்தோனியாரிடம் அன்று எதற்காக மன்றாடினோம் என்பது நினைவில்லை. அவர் ஆலயத்திலிருந்து கடைக்குச் செல்லும் வழியில் எதைத் தொலைத்தோம் என்பது மட்டும் மறக்கவில்லை.